கடிகாரத்தைத் திருத்தாதீர்கள், முதலில் எவ்வளவு தப்பு என்று பாருங்கள்

யாங்கோனில் அனோரதா சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இருக்கும் நம் ஆட்களின் கடைகளுக்குக் கணினி, கேமரா, பில் மெஷின் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் அழைப்பு ஒன்று உண்டு: "தம்பி, டைம் தப்பாக் காட்டுது, வந்து மாத்திட்டுப் போ." நான் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் நேரத்தைக் கையால் மாற்றியிருப்பார். கோளாறு எங்கே என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அத்தோடு போய்விடும்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை. தானாக நேரம் எடுக்கும்படி வைத்த ஒரு போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரமும் தேதியும் ஒரே படத்தில் விழும்படி இன்னொரு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்குள் இருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கணினியிலேயே டைம் டாட் ஈஸ் தளத்தைத் திறங்கள். உங்கள் கடிகாரம் எத்தனை நொடி முந்தி அல்லது பிந்தி என்று அது சொல்லும். அந்த எண் கையில் வந்த பிறகு கீழே அதற்கேற்ற தலைப்புக்குப் போங்கள்.

## அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்று முழுசாகத் தப்புகிறது

நொடி சரியாக இருந்து, வித்தியாசம் மட்டும் அரை மணிக் கணக்கில் இருந்தால் கடிகாரத்தில் கோளாறு இல்லை. நேர மண்டலம்தான் தப்பு. பர்மா நேரம் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, 6:30 மணி முன்னால். இந்த அரை மணிதான் எல்லாக் கருவிகளையும் குழப்புகிறது.

1 மணி பின்னால் இருந்தால் இந்திய நேரம். சென்னை போய்விட்டு வந்த மடிக்கணினியில் இதுதான் நடக்கும். அரை மணி முன்னால் இருந்தால் யாரோ பாங்காக் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அரை மணி பின்னால் என்றால் டாக்கா. ஒன்றரை மணி முன்னால் என்றால் சீன நேரம். கேமரா ரெக்கார்டர் பெட்டியைப் பிரித்து மாட்டியதோடு விட்டுவிட்டார்கள், உள்ளே தொழிற்சாலை வைத்த +8 அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஒன்றரை மணியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மளிகை மொத்தக் கடையில் மஞ்சள் மூட்டை ஒன்று குறைந்தது. கேமராவில் பார்த்தால் இரவு 8:40க்கு மூட்டை வெளியே போகிறது. கடை சாத்துவது 8 மணிக்கு, சாவி இருப்பது வேலைக்கார பையனிடம். அவனை உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது அந்தக் காட்சியைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லித்தான். அன்று காலையிலேயே முதலாளி ரெக்கார்டர் நேரத்தைக் கையால் மாற்றிவிட்டார், அதனால் பழைய வித்தியாசம் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம் ஓரத்தில் பாதி தெரிந்தது. அதில் 7:10. பில் புத்தகத்தைப் புரட்டினால் 7:05க்கு மஞ்சள் ஒரு மூட்டை, முதலாளியின் கையெழுத்து. அவரே சைக்காவில் (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) ஏற்றி அனுப்பிவிட்டு மறந்திருக்கிறார். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, பார்க்க வேண்டியவை:

விண்டோஸில் நேர மண்டலப் பட்டியலில் யாங்கோன் அல்லது ரங்கூன் என்று 6:30இல் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். "நேர மண்டலத்தைத் தானாக அமை" என்பதை நிறுத்தி வைப்பது நல்லது. இணைய முகவரியை வைத்து இடத்தை ஊகிக்கும்போது அது வேறு நாட்டுக்குத் தாவலாம்.

லினக்ஸில் ஏசியா யாங்கோன் என்ற பெயர் 2016இல்தான் வந்தது. பழைய பெட்டியில் அந்தப் பெயரைக் கொடுத்தால் தெரியாது என்று சொல்லும். ஏசியா ரங்கூன் என்று கொடுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

ரெக்கார்டரில் 6:30 இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவான பெட்டிகளில் முழு மணிகள் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் கோடைக்கால நேரத்துக்கு 30 நிமிடம் கூட்டும் வசதி உண்டா என்று தேடுங்கள். இருந்தால் +6 வைத்து, வருடம் முழுவதும் அந்த 30 நிமிடத்தைக் கூட்டலாம். அதுவும் இல்லையென்றால் இணைய நேரத்தை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு முறை கையால் வையுங்கள். வைத்த தேதியை ரெக்கார்டர் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

கையால் திருத்தினால் அடுத்த நாள் மறுபடியும் அதே அளவு தப்புகிறது என்றால், நேர மண்டலம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இணையத்தில் நேரம் சொல்லும் சர்வர் யுடிசி மட்டும்தான் தரும், அதோடு 6:30 கூட்டுவது உங்கள் கருவியின் வேலை. இந்தத் தலைப்புக்கு ஆள் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, ரெக்கார்டரின் கடவுச்சொல் மறந்து போயிருந்தால் ஒழிய.

## கடிகாரம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ஆறு இலக்கக் குறியீட்டை ஏற்கவில்லை

கணக்கில் நுழையச் செயலி தரும் ஆறு இலக்கக் குறியீடு பொதுவாக 30 நொடிக்கு ஒரு முறை மாறும். அது கணக்கிடப்படுவது யுடிசியிலிருந்து, சுவர்க் கடிகாரத்திலிருந்து அல்ல. போனை இந்திய மண்டலத்தில் வைத்துக்கொண்டே முள்ளை ஒரு மணி தள்ளி வைத்திருந்தால் திரையில் யாங்கோன் நேரம் சரியாகத் தெரியும். உள்ளே யுடிசி ஒரு மணி தப்பு. குறியீடு எத்தனை தடவை அடித்தாலும் ஏற்காது.

மண்டலத்தை முதலில் சரி செய்யுங்கள், பிறகு நேரத்தை. தானியங்கி நேரத்தைப் போட்ட பிறகும் ஏற்கவில்லை என்றால், சிம்மைக் கழற்றிவிட்டு வைஃபையில் ஒரு முறை பாருங்கள். செல்போன் கோபுரம் அனுப்பும் நேரமே சில சமயம் நிமிடக் கணக்கில் தப்பும். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் பிரச்சினை கடிகாரத்தில் இல்லை, கணக்கு வைத்திருக்கும் இடத்தில் கேட்க வேண்டியதுதான்.

## விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறினால் ஆறரை மணி தப்புகிறது

ஒரே கணினியில் இரண்டும் இருந்தால் வருவது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் யுடிசியை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். அதனால் விண்டோஸ் ஆறரை மணி பின்னால் நிற்கும். விண்டோஸ் சரிசெய்துகொண்டால் அடுத்து லினக்ஸ் ஆறரை மணி முன்னால் போகும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டு வாருங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் "ரியல் டைம் இஸ் யுனிவர்சல்" என்ற மதிப்பை 1 என்று வைப்பதைத்தான் நான் செய்வேன். ரெஜிஸ்ட்ரியைத் தொட்டுப் பழக்கமில்லாதவர் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

## கரண்ட் போய் வந்தால் வருடமே பின்னால் போகிறது

கணினி திடீரென்று பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போய் நிற்கும். உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வரும், ஏனென்றால் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைக்கிறது. இணையம் போய்விட்டது என்று சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கோளாறு இதுதான்.

காரணம் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி, சிஆர் 2032. மேசைக் கணினி மின் இணைப்பில் இருக்கும் வரை, அணைத்து வைத்திருந்தாலும், கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். மின்சாரம் போன நேரத்தில்தான் பேட்டரி வேலை செய்யும். நம் ஊரில் கரண்ட் மாறி மாறி வருவதால் அது பாவம் ஓய்வில்லாமல் உழைக்கிறது. வேறு ஊரில் பல வருடம் வருவது இங்கே சீக்கிரம் தீர்வது அதனால்தான்.

சோதனை எளிது. நேரத்தைச் சரியாக வைத்து, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி கழித்துப் போடுங்கள். நேரம் நின்றிருந்தாலோ பின்னால் போயிருந்தாலோ பேட்டரி போய்விட்டது. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியதில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், 2.8க்குக் கீழே போனதை நான் வைத்திருப்பதில்லை.

மாற்றுவதற்கு முன் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஹார்டு டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்ற இடத்தை. பேட்டரியைக் கழற்றியதும் அந்த அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பி, விண்டோஸ் திறக்காமல் போகலாம். கழற்றும்போது பிளக் வெளியே இருக்க வேண்டும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே வர வேண்டும். பேட்டரி மாட்டும் இடத்தில் மழைக்காலப் பச்சைப் பூச்சு இருந்தால் உலர்ந்த பிரஷால் துடைத்துவிடுங்கள்.

புதிய பேட்டரி போட்ட பிறகும் "இணைய நேரம் எடுக்கவில்லை" என்று வந்தால் பயப்படாதீர்கள். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் மென்பொருள் வேண்டுமென்றே மறுக்கிறது. தனிக் கணினியில் இருக்கும் விண்டோஸ் 15 மணிக்கு மேல் தப்பினால் திருத்தாது. லினக்ஸில் சர்வரிடம் நேரம் கேட்கும் பழைய என்டிபி நிரல் 1000 நொடிக்கு மேல் போனால் தானே நின்றுவிடும். தேதியையும் நேரத்தையும் கையால் கிட்டத்தட்ட வைத்துவிட்டு, பிறகு ஒத்திசைக்கச் சொல்லுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: பேட்டரி சால்டர் வைத்து ஒட்டியிருந்தால், புதிய பேட்டரி சில வாரத்திலேயே தீர்ந்தால், அல்லது ரெக்கார்டருக்கு உள்ளே இருந்தால். புதிய பேட்டரி சீக்கிரம் தீர்வது போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது என்பதன் அடையாளம், இரண்டாவது பேட்டரி வாங்கிப் பார்ப்பது வீண்.

## தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது

எந்தக் கணினியும் தானாக விட்டால் நகரும். உள்ளே இருக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு தப்பினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவில் இருந்தால் கருவியில் குறையில்லை, அது சர்வரிடம் நேரம் கேட்பதே இல்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் விண்டோஸில் "இப்போது ஒத்திசை" பொத்தானை அழுத்துங்கள். ஓடினால், சேவை நின்றிருந்தது, தானாகத் தொடங்கும்படி வையுங்கள். ஓடவில்லையென்றால் போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்து அதன் வழியாக முயன்று பாருங்கள். அதில் நடந்து கடையின் இணைப்பில் நடக்கவில்லையென்றால், ரவுட்டரோ இணைய நிறுவனமோ நேரம் கேட்கப் போகும் யுடிபி 123 என்ற வாசலை அடைத்திருக்கிறது. ரவுட்டரின் ஃபயர்வாலைப் பார்த்துத் திறக்கலாம். நிறுவனத்தின் பக்கம் அடைத்திருந்தால் அவர்களிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. அதுவரை இணையப் பக்கத் தலைப்பிலிருந்து நேரம் எடுக்கும் சிறு நிரல் ஒன்றைப் போடலாம், ஒரு நொடி முன்பின் இருக்கும். கடை வேலைக்கு அது தாராளம்.

ஒரு நாளில் நிமிடக் கணக்கில் நகர்ந்தால் அது வேறு. மெய்நிகர் இயந்திரமாக (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இருந்தால், அதை நடத்தும் மென்பொருளும் உள்ளே இருக்கும் என்டிபியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றனவா என்று பார்த்து ஒன்றை நிறுத்துங்கள். சாதாரணக் கணினியில் இப்படி என்றால் போர்டைப் பார்க்கும் ஆளிடம் கொடுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும்போது நேரம் வேகமாக ஓடுகிறது என்றும் சொல்வார்கள். பிளக்கில் மாட்டும் பழைய எண் கடிகாரங்களுக்கு அது உண்மை. 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஜெனரேட்டர் 52 தந்தால் மணிக்கு 2 நிமிடம் 24 நொடி முந்திவிடும். கணினி அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை, அதனால் அங்கே தேடாதீர்கள்.

## ஒத்திசைவு நடக்கிறது, ஆனாலும் கால் நொடி இங்கும் அங்கும் ஆடுகிறது

இதுதான் என்னை நிறைய நாள் அலைய விட்டது. எல்லாம் சரியாக இருக்கும், மாலையானால் மட்டும் கணினி சர்வரோடு சண்டை போடும்.

கணினி சர்வரிடம் நேரம் கேட்கும், பதில் வரும். போய் வந்த மொத்த நேரத்தை அது அளக்கும். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று தனித்தனியாக அதற்குத் தெரியாது, அதனால் பாதிப் பாதி என்று எடுத்துக்கொள்ளும். தாமதம் அதிகமாக இருப்பது மட்டும் பெரிய கெடுதல் இல்லை, போகும் வழியும் வரும் வழியும் சமமாக இல்லாததுதான் கெடுதல்.

சிம் போட்ட ரவுட்டரில் ஒரு கடை ஓடுகிறது என்று வையுங்கள். கேள்வி போக 40 மில்லிநொடி. மேலே வீட்டில் பிள்ளைகள் வீடியோ பார்க்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் வரிசை நின்று பதில் வர 360. மொத்தம் 400, கணினி போட்ட கணக்கு 200, 200. உண்மையோடு 160 மில்லிநொடி வித்தியாசம். கணினி தான் முந்தி ஓடுவதாக நினைத்து அவ்வளவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பழைய என்டிபி நிரலுக்கு 128 மில்லிநொடி ஒரு எல்லை. அதற்குள் இருந்தால் நொடிக்கு அரை மில்லிநொடி வீதம் மெதுவாகத் திருத்தும். அந்த எல்லையைத் தாண்டிய வித்தியாசம் சில நிமிடம் நீடித்தால் ஒரே தாவு. இரவில் வீடியோ நின்றதும் மறுபடி முன்னால் ஒரு தாவு.

எப்படி உறுதி செய்வது: காலை கடை திறக்கும் முன் ஒரு முறை, மாலை கூட்டத்தில் ஒரு முறை, வித்தியாசத்தையும் தாமதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் க்ரோனி நிரல் இரண்டையும் சொல்லும், விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளை சொல்லும். தாமதம் கூடும்போதெல்லாம் வித்தியாசமும் ஒரே பக்கமாகக் கூடினால் இதுதான்.

செலவில்லாத வழி, பக்கத்தில் இருக்கும் சர்வரைக் கேட்பது. அமெரிக்காவில் இருப்பதை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான நேர சர்வர்களின் தொகுப்பான என்டிபி பூலின் ஆசியப் பிரிவிலோ சிங்கப்பூர் பிரிவிலோ நாலு சர்வர் கொடுங்கள். இரண்டு கொடுத்தால் எது பொய் என்று அதற்குத் தெரியாது, மூன்றில் ஒன்று விழுந்துவிட்டால் மறுபடி இரண்டுதான். அடுத்தது, ரவுட்டரில் வீடியோவுக்குப் போகும் வேகத்துக்கு ஒரு வரம்பு வைப்பது. அப்புறம் வைஃபையை விட்டுக் கம்பி இழுப்பது. இதற்கு மேல் பணம் போடுவதானால் சிம் ரவுட்டரை விட்டு ஃபைபருக்குப் போவது.

கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதைவிட எளிது. கடையில் ஒரு கணினியை மட்டும் வெளியே கேட்க விடுங்கள். கேமரா, கைரேகை மெஷின், பில் கணினி எல்லாம் அந்த ஒன்றிடம் கேட்கட்டும். உள் கம்பியில் தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. உலக நேரத்தோடு 0.2 நொடி தப்பினால் கடையில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு கேமரா இரண்டு நேரம் சொன்னால்தான் நஷ்டம்.

பரிமாற்றத்தை மில்லிநொடியில் பதிய வேண்டிய இடமாக இருந்தால் இணையத்தை நம்பாமல் ஜிபிஎஸ் நேர சர்வர் வைக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். ஆன்டெனா கூரைக்குப் போக வேண்டும், இடிதாங்கி வேண்டும், அது நம் கையில் செய்யும் வேலை இல்லை.

## 1 நொடி, 2 நொடி, 18 நொடி என்று முழு நொடியில் தப்புகிறது

பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் அவ்வப்போது ஒரு நொடி சேர்ப்பார்கள், அதுதான் லீப் நொடி. 1972லிருந்து 27 முறை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31 முடிவில். லண்டனுக்கு அது நள்ளிரவு. நமக்கு 2017 ஜனவரி 1 காலை 6:29:59க்குப் பிறகு 6:29:60 என்று ஒரு நொடி வந்து, பிறகுதான் 6:30 ஆனது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள் இந்த நொடிகளைச் சேர்ப்பதில்லை, அதனால் இப்போது யுடிசியைவிட 18 நொடி முன்னால் இருக்கிறது. உங்கள் ஜிபிஎஸ் கருவி 18 நொடி முந்தினால், கழிக்க வேண்டிய எண் இன்னும் அதற்கு வந்து சேரவில்லை. முழுச் செய்தியும் வர 12.5 நிமிடம் ஆகும். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். 2 நொடி மட்டும் முந்தினால், 2015 நடுவில் வரை இருந்த 16 என்ற பழைய எண்ணிலேயே நிற்கிறது. காத்திருந்தும் மாறவில்லையென்றால் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்கு உள்ளேயே இருக்கும் மென்பொருள், புதுப்பிக்க வேண்டும். தேதியே 19 வருடம் 7 மாதம் பின்னால் போயிருந்தால் அது ஜிபிஎஸ்ஸின் 1024 வார எண்ணிக்கை சுற்றி வந்ததால் வருவது. புது ஃபர்ம்வேர் கிடைக்கவில்லையென்றால் கருவியை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

சரியாக 1 நொடி தப்பினால் இணையப் பக்கத்திலிருந்து நேரம் எடுக்கும் நிரல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு சர்வர் "லீப் நொடி வருகிறது" என்று பொய்க் கொடி காட்டியிருக்கலாம். பட்டியலில் மற்றவற்றோடு ஒத்துப்போகாததை எடுத்துவிடுங்கள்.

கூகுளின் நேர சர்வரை மற்ற சர்வர்களோடு ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். கூகுள் அந்த ஒரு நொடியைச் சட்டென்று சேர்க்காமல் 24 மணி நேரத்தில் கரைத்துவிடும். நம் கணக்கில் முந்தின நாள் மாலை 6:30லிருந்து மறுநாள் மாலை 6:30 வரை. அந்த நடுவில் மற்றவற்றோடு அரை நொடி வரை பிரிந்து நிற்கும், உங்கள் கணினி யாரை நம்புவது என்று தெரியாமல் திண்டாடும். கூகுள் என்றால் கூகுளின் சர்வர்கள் மட்டும், பூல் என்றால் பூல் மட்டும்.

2035க்குள் இந்த ஒரு நொடிக் கணக்கை இப்போதிருக்கும் வடிவில் விட்டுவிடுவது என்று 2022 நவம்பரில் எடை, அளவு மாநாட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். 2016க்குப் பிறகு இதுவரை ஒன்றும் வரவில்லை. ஆனாலும் 2035க்கு முன் வருவதாக அறிவிப்பு வந்தால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். வழக்கமாக ஜூன் கடைசியில் அல்லது டிசம்பர் கடைசியில் வரும், நமக்கு ஜூலை 1 அல்லது ஜனவரி 1 காலை 6:30க்கு. 2012 ஜூலை 1 அன்று உலகம் முழுவதும் பல லினக்ஸ் சர்வர்கள் சிபியு முழுவதையும் எடுத்துக்கொண்டு தவித்தன, ஜாவாவும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடியவை முக்கியமாக. பழைய கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு பெட்டி இன்னும் உங்களிடம் இருந்து, அன்று காலை விசிறி கத்த ஆரம்பித்தால் அணைக்கத் தேவையில்லை. 'டேட்' கட்டளையால் இப்போதைய நேரத்தையே மறுபடி ஒரு முறை அமையுங்கள், அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் ரீபூட். அதன் பிறகும் ஏறினால் காரணம் லீப் நொடி அல்ல, சர்வர் பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.